பிரேம் மட்டும் வெயிட்டிங் லிஸ்ட்

பனியாஸ் ஸ்கொயர் மெட்ரோவில்
கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது என் வேலை.
மீன் மூட்டை, பலூன்,
மடிக்க முடியாத சைக்கிள்
மூன்றையும் திருப்பி அனுப்ப வேண்டும்.
ரோஸ் கோட்டைத் தாண்டி நிற்கும் ஆண்களிடம்
அது பெண்களுக்கு ஒதுக்கியது என்று
ஐந்து மொழியில் சொல்லத் தெரியும் எனக்கு.
ஆறாவதாக ஒரு கையசைப்பு.

வியாழன் இரவு பத்தேகாலுக்கு
உக்கிரபாண்டி வந்தார்.
பெயருக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லை.
எண்பது திர்ஹத்துக்கு வாங்கியதாம்.
செயின் கிடையாது, இரண்டு டயரிலும் காற்று கிடையாது,
பெல் மட்டும் புதுசு.
ஜெபல் அலி கேம்ப் வரை போகணும்.
"மடியுமா?" என்றேன்.
"நான் மடிவேன் சார், இது மடியாது."

பிக்கப்காரன் நூறு கேட்கிறான்.
வண்டியைவிட வாடகை பெரிசு.
தூணோரம் குந்தி
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
பிறகு பேண்ட் பையிலிருந்து
ஒரு ஸ்பேனர் வெளியே வந்தது.

அன்று முன்சக்கரம் மட்டும் உள்ளே போனது,
அரிசிச் சாக்கில், நோல் கார்டு தட்டி.
விதிப் புத்தகத்தில் சக்கரம் என்ற சொல்லே இல்லை,
தேடிப் பார்த்துவிட்டேன்.
மீதியை எதிர் சலூன் மலையாளி
சுழல் நாற்காலிக்குப் பின்னால்
சாத்தி வைத்துக்கொண்டார்.

அடுத்த வியாழன் பின்சக்கரம்.
அதற்கடுத்து ஹேண்டில்பார்,
பையிலிருந்து கொம்பு நீட்டிக்கொண்டு.
பெடல், கிராங்க், சீட்.
பெல் மட்டும் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது,
குனியும்போதெல்லாம் லேசாகக் கிணுங்கும்.

"எப்பதான் முடியும்?" என்று கேட்டால்
"சக்கரம் ரெண்டும் கன்ஃபார்ம் சார்.
சீட்டு ஆர்.ஏ.சி.
பிரேம் மட்டும் வெயிட்டிங் லிஸ்ட்" என்பார்.
அவர் சிரிக்காததால்
என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டது.

லீவுக்குப் போனால் சென்னையிலிருந்து மானாமதுரைக்கு
ஒருமுறைகூட இவருக்கு பெர்த் கிடைத்ததில்லை.
நாற்பத்திரண்டில் தொடங்கும்,
சார்ட் போடும்போது மூன்றில் வந்து நின்றுவிடும்.
"மூணுக்கும் நாப்பத்திரண்டுக்கும் ஒரே இடம்தான் சார்,
கக்கூஸ் வாசல்.
இங்க பரவாயில்ல.
இல்லைன்னா இல்லைங்கிறான்."

பிரேம் வந்த இரவு டேப்பை எடுத்தேன்.
நான்கு விரல் அதிகம்.
தலைக்கு மேலே கேமரா.
அதற்கு என் முதுகு மட்டும் தெரியும்.
மறுபடி அளந்தேன்,
இந்த முறை நான்கு விரல் தள்ளித் தொடங்கி.
போங்க என்றேன்.
பெட்ஷீட் சுற்றிய அதை
அடிபட்ட ஆளைக் கூட்டிப் போவதுபோல் அணைத்துக்கொண்டு
எஸ்கலேட்டரில் இறங்கினார்.
நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால்
எனக்குப் பயம் வந்திருக்கும்.

மறுநாள் சூப்பர்வைசர் ரெய்னால்டோ கேட்டார்:
இந்த மாதம் ஏதாவது சைக்கிள் உள்ளே போனதா?
இல்லை சார்.
அது பொய்யா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.
எந்த உறுப்பில் வைத்து
சைக்கிள் சைக்கிளாகத் தொடங்குகிறது?

எஸ்கலேட்டர் அடியில் பெல் கிடந்தது.
பதிவேட்டில் எழுதினேன்:
மணி, ஒன்று. வெள்ளி நிறம். ஒலிக்கிறது.
முப்பது நாள் வைத்திருப்போம்.

இருபத்தொன்பதாம் நாள் வந்தார்,
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
கார்டு தட்டவில்லை,
கவுண்ட்டரில் கையெழுத்து மட்டும்.
"எந்த ரயில்ல வந்தீங்க?"
"ரயிலா?"

வெளியே விளக்குக் கம்பத்தில் பூட்டு போட்டு
அது நின்றிருந்தது,
புதுச் செயினோடு, பிரேக் ஒன்று மட்டும் இல்லாமல்.
"ஓடுற சைக்கிளுக்கு எதுக்கு சார் ரயில்?
சந்துபொந்தா வந்தேன், மூணு மணி நேரம்."
அதே பையிலிருந்து அதே ஸ்பேனர்.
பெல்லை மாட்டி ஒருமுறை அடித்துப் பார்த்தார்.
சலூன்காரர் கத்தியோடு எட்டிப் பார்த்தார்.

நடைபாதையில் ஓட்டக் கூடாது என்று
சொல்ல வேண்டிய ஆள் நான்.
கடைசி ரயிலுக்கு அறிவிப்பு வந்தது.
உள்ளே போய்விட்டேன்.