திருகு

வார்சாவின் வோலாவில்
கண்ணாடிக் கோபுரங்கள்
ஜனவரியை வெளியே நிறுத்திவிட்டுச்
சட்டைக் கையை மடித்துக்கொண்டு வேலை செய்கின்றன.

அடித்தளத்தில், வெந்நீர்க் குழாய்களுக்கு நடுவே, நான்.
இருபத்துமூன்று டிகிரியை
இருபத்தொன்றுக்கு இறக்கினேன்,
வாரத்துக்கு அரை டிகிரியாக,
கடன் வாங்கியவன் அந்தத் தெருவைக் கடப்பதுபோல்.

ஒருவரும் அறியவில்லை.
முப்பத்தொன்றாம் மாடி ஸ்டெஃபான்ஸ்கி மட்டும் கூப்பிட்டார்:
"விரல் விறைக்கிறது, லுட்விகா."

ஏறிப் போனேன்.
அவர் அறைச் சுவரில் ஒரு திருகு.
எனக்கு முன்னிருந்தவர்
அதன் கம்பியைக் கத்தரித்துப் பதினோரு வருடம்.
"கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்" என்றேன்.
கூட்டினார்.
ஐந்தே நிமிடம்,
கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

நகர விளிம்பில் நிலக்கரி உலை.
அதன் புகை இன்று சற்றே மெலிந்ததா?
பேருந்து ஜன்னலைத் துடைத்துப் பார்த்தேன்.
அதே தடித்த வெள்ளை.
மீட்டரில் மட்டும் ஓர் எண்
போன ஜனவரியைவிடச் சிறிதாக
உட்கார்ந்திருக்கிறது.

வீடு வந்ததும் கை தானாக
ரேடியேட்டருக்குப் போனது.
திருப்பினேன்.
கதகதப்பு வந்தது.

வந்ததா?

ஈரக் காலுறையைக்கூடக் கழற்றாமல்
சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன்,
உள்ளே தண்ணீர் ஓடுகிறதா என்று.