பருந்துக்கு எதிர்வீடு

வுப்பர்டாலில் மழை.
கண்ணாடிக் கூரைக்கடியில்
நாலாயிரம் யூரோவுக்குக் குடைவேலமரம் வாங்கி நட்டார்கள்.
ஒரு தூக்கணாங்குருவியும் சீண்டவில்லை.

முப்பது கூடும்
குளத்தின்மேல் நீளும் கிளைநுனிகளில்;
அதுவும்
பக்கத்துக் கூண்டுப் பருந்தின்
கண்ணெதிரே.

பயமில்லையா என்றேன்.
பருந்திருக்கும் இடத்துக்குப் பாம்பு வராது
என்றாள் ஹைகே, எண்ணிக்கொண்டே.

பாம்பா?
இவை பொரிந்ததே
இந்தக் கண்ணாடிக்குள்தான்.

ஓர் ஆண் மட்டும்
என் தண்ணீர்க்குழாய் மாட்டும் கொக்கியில்
பாதிக்கூடு நெய்தது.
இரண்டு நாள் வாளியில்தான் தண்ணீர் சுமந்தேன்.
பெட்டை வந்தது,
ஒரு நாரை இழுத்துப் பார்த்தது,
போய்விட்டது.
அவனே பிரித்துப் போட்டுவிட்டு
பருந்துப் பக்கம் பறந்தான்,
அந்த இரைச்சலுக்குள் இடம் கேட்டு.

இன்று குழாயை மாட்டினேன்.
கொக்கியில் ஒரு முடிச்சு
இன்னும் பச்சையாக.