பதினேழாவது முதுகு

காலை நான்கு மணிக்கே முதுகுகள் வரிசையில் நின்றுவிடும்.
முப்பத்திரண்டு.
முகங்களை இன்னொருத்தி பார்த்துக்கொள்கிறாள்,
தூசியும் தாடியும் அவள் பாடு.
தழும்பு என் பாடு.

கரோப் பாகில் சிவப்புச் சாயம், கொஞ்சம் காப்பித்தூள்.
தத்தாவின் ஈக்களுக்கு
நிஜ ரத்தமா என்ற விசாரமில்லை.
வந்து மொய்க்கும்.
ஒளிப்பதிவாளர் மகிழ்ந்துபோவார்.

படத்தில் இது பிரெஞ்சுக்காரனின் தண்டனைப் பட்டாளம்,
வருடம் 1911.
கோட்டைச் சுவர் ஜிப்சம், பின்பக்கம் பலகை முட்டு.
கையையும் காலையும் முதுகுப்புறம் சேர்த்துக் கட்டி
வெயிலில் உருட்டிவிடுவார்கள்.
கயிறு மட்டும் அசல்.
ரப்பர் கயிறு திரையில் பொய் சொல்கிறதாம்.

ஜெயில் அதிகாரியாக நடிக்கும் மொர்வான்
இறைச்சி தொடாதவர்.
'கட்' விழுந்ததும் சாட்டையைக் கக்கத்தில் இடுக்கித்
தண்ணீர் பாட்டிலோடு ஓடுவார்,
அடிவாங்கியவனிடம் மன்னிப்புக் கேட்பார்.
அடுத்த டேக்கில் இன்னும் ஓங்கி அடிப்பார்.
ஒன்பதாவது டேக்கில் ஓடுவதை நிறுத்திவிட்டார்.
நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைத்தேன்.
தண்ணீருக்கு நீண்ட கையும் கவனித்திருந்தது.

பதினேழாவது முதுகு பெல்காசெமுடையது.
எல்லை தாண்டி வரும் லிபியா பெட்ரோலை
ரோட்டோரம் கேனில் வைத்து விற்கிறவர்.
நாளுக்கு நாற்பது தினார் என்றதும் வந்தார்.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்.
இரண்டாம் முறையும் சொன்னேன்.

தோளிலிருந்து இடுப்புவரை
வரி வரியாக.
இத்தனை நாள் நான் வரைந்ததெல்லாம்
எவ்வளவு அழகாக இருந்தது என்று
அப்போதுதான் வெட்கம் வந்தது.
தழும்பில் சிவப்பே இல்லை.
தோல் தன்னைத் தானே தைத்துக்கொண்ட அவசரம் மட்டும்.

"பிரெஞ்சுக்காரனா?" என்றேன், முட்டாள்தனமாக.
ஐம்பத்தேழு வயது அவருக்கு. கணக்குப் போட்டிருக்கலாம்.
"நம்ம கொடிதான்," என்றார்.
"தொண்ணூற்றிரண்டு. பதினோரு மாதம்.
நம்ம பாஷையிலேயே எண்ணினார்கள்."

இயக்குநர் லெகோஃப் வந்து பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.
தொப்பியைக்கூடக் கழற்றினார்.
பிறகு, தாழ்ந்த குரலில்:
இது ஒயரால் அடித்தது போலிருக்கிறதே மபரூக்கா,
நம் கோட்டையில் மின்சாரம் கிடையாது.
மூடிவிட முடியுமா?

மூடினேன்.
முதலில் ஆரஞ்சு, பிறகு தோல்நிறம், பிறகு பவுடர்.
பிள்ளை முதுகு போல ஆயிற்று.
அதன்மேல் 1911-ஐ வரைந்தேன்.
உள்ளே எது எங்கே ஓடுகிறதென்று
விரலுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.
அவர் வாய்க்குள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

அலற வேண்டும் என்று தாளில் இருந்தது.
அவர் அலறவில்லை.
யாரும் இரண்டாவது டேக் கேட்கவில்லை.

சாயங்காலம் ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன்.
1911 பஞ்சோடு வந்துவிட்டது.
நாற்பது தினாரை இரண்டுமுறை எண்ணிப் பார்த்து,
"நாளைக்கும் இதே முதுகுதானே?" என்றார்.

கன்டினியூட்டிக்கு எடுத்த போட்டோவில்
நான் வரைந்தது மட்டும் இருக்கிறது.
நாளை அதைப் பார்த்துத்தான்
வரைய வேண்டும்.