எத்தனை நொடி

ஆறு வருடம் ஒரு பாசியோடு குடித்தனம் நடத்தினேன்.
தன் எடைபோல் இருபது மடங்கு தண்ணீரை
அது எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கு
இருநூற்றுப் பத்துப் பக்கம்.
பாதியில் ‘இருக்கலாம்’,
மீதியில் ‘எனத் தோன்றுகிறது’.

முனைவர் ஆனால் எங்கள் ஃபின்லாந்தில்
தொப்பியும் வாளும் உண்டு,
சொந்தக் காசில்.
விழாவுக்கு முந்தைய மாலை
சாணைக்கல்லில் ஷாம்பெய்ன் ஊற்றி
வாளைத் தீட்டினோம்.
யாரை வெட்டப் போறே என்றான்
தோழி ஸினிக்காவின் ஐந்து வயது மகன்.

நவம்பரில் தாம்பரேக்கு இடம்பெயர்ந்தேன்.
வாள் வெட்டியது
அட்டைப்பெட்டிகளின் டேப்பை.

டயப்பர் ஆலை.
அடையாள அட்டையில் வெறும் ஐலா.
முதல் கூட்டத்தில் ரைமோ
மேசைமேல் ஒரு டயப்பரை விரித்து
நீலத் தண்ணீர்க் குவளையைக் கையில் எடுத்து
எத்தனை நொடியில் உறிஞ்சும் என்றார்.

அது சூழலைப் பொறுத்து, என்று தொடங்கினேன்.
குழந்தை சூழல் பார்த்தா போகும்?
எத்தனை நொடி?

பதினொன்று.

ஆறு வருடத்தில் நான் சொன்ன
பிழைவரம்பு இல்லாத முதல் எண்.
யாரும் மேற்கோள் கேட்கவில்லை.
கடிகாரத்தை அழுத்தினார்கள், ஊற்றினார்கள்.
பதினாலு.
சரி, ஒன்பதாக்கு, வெள்ளிக்குள்,
என்று எழுந்து காப்பிக்குப் போனார்.
எனக்குக் காது சுட்டது.
கூடவே பசித்தது,
வெகுநாள் கழித்து, நன்றாக.

ஞாயிறு பழைய சதுப்புக்குப் போனேன்,
மாதிரிக் குப்பி எடுக்காமல்.
பூட்ஸைத் தூக்கிய தடத்தில்
பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது.
எண்ணினேன்.
ஏழு வரைக்கும் நினைவிருக்கிறது.