பரவல்: மூன்று புள்ளிகள்

ஸ்கூட்டர் நின்றதால்தான் கேட்டது.
யெலஹங்கா தாண்டி,
மே மாத முதல் மழை ஓய்ந்து,
சைட் பிரித்துக் கல் நட்ட பொட்டலில்
யாரோ தண்ணீருக்கடியில் உட்கார்ந்து
பழைய தகரத்தைச் சுரண்டுவதுபோல்.
ஹெல்மெட்டைக் கழற்றி
ஷ் என்றாள் நவ்யஸ்ரீ.
பெட்ரோல் போடாத சண்டை
பாதியில் நின்றது.

டார்ச் வட்டத்துக்குள் அது:
உப்பிய வயிறு, குட்டைக் கால்,
தட்டில் பாதி விட்டுப்போன
ராகி உருண்டை மாதிரி.
குதிகாலில் ஒரு மண்வெட்டி,
பிறக்கும்போதே கொடுத்தனுப்பியது.

மற்றவை தலையை நீட்டி வளைக்குள் போகும்.
இது பின்பக்கமாய் இறங்குகிறது.
கால் மாற்றிக் கால் மண்ணைத் தள்ள
இடுப்பு, வயிறு, தோள்,
கடைசிவரை நம்மையே பார்த்துக்கொண்டு.

நுணல் என்று தமிழில் எப்போதோ
கூப்பிட்டு வைத்திருக்கிறோம்.
கூப்பிட்ட கையோடு
வாயால் கெட்டது என்ற கெட்ட பெயரும்.
வாட்ச்மேன் முனிசாமப்பாவுக்கு வெறும் கப்பெ.
லத்தீனில் மட்டும் அதுவரை
வேறொரு ஊர்த் தவளையின் பெயர்,
ஏதோ ஒரு சீசாவில்
வெளுத்துப்போன ஒன்றினுடையது.

"இத்தனை நாள் பி கட்டாவில் குடியிருந்திருக்கு,"
என்றாள் நவ்யஸ்ரீ.
"வரி கட்டியிருக்கும். பத்திரம் கிடையாது."

ஏ கட்டா வாங்க ஒன்றரை வருஷம்.
மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே எவ்வளவு,
மண்வெட்டி எவ்வளவு,
தொடையிலிருந்து ஒரு துளிச் சதை,
அதற்குள் எழுத்தெழுத்தாய் ஓடும் வரிசை
பக்கத்து வீட்டு வரிசையோடு
எங்கே பிசகுகிறது.
பிசகு போதும் என்று
முகம் தெரியாத இரண்டு பேர்
ஒப்புக்கொள்ள வேண்டும்.

பெயர் காற்றில் நிற்காது.
ஓர் உடம்பில் கட்ட வேண்டும்.
ஒன்றைத் தேர்ந்தோம்.
ஆண். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர்.
பேர் சொல்ல ஒரு பிள்ளை என்பார்களே,
அந்தப் பிள்ளையை
நான்தான் ஃபார்மலினில் இறக்கினேன்.
எண்ண வசதியாக விரல்களை விரித்து வைத்தேன்.
தொடையில் நூல், நூலில் எண் சீட்டு.
அன்று மதியம் தயிர்சாதம் சாப்பிட்டேன்.
அதையும் சொல்லிவிடுவது நல்லது.

பிறகு வரைபடம்.
பரவல் என்று தலைப்பு, மூன்று புள்ளிகள்.
பார்க்கிறவர் நினைப்பார்
தவளை மூன்று இடத்தில் இருக்கிறதென்று.
அது எங்கள் ஸ்கூட்டர் போன இடம்.
ஒன்றில் பெட்ரோல் தீர்ந்தது.
ஒன்று தேவனஹள்ளியில், அவள் அத்தை மகன் கல்யாணம்.
ஒன்று வழி தவறியது.
நடுவே வெள்ளையாய்க் கிடப்பதெல்லாம்
நாங்கள் தூங்கிய இரவுகள்.

கட்டுரை வந்த வாரம்
முதல் புள்ளிக்குப் போனேன்.
ஐந்து தசமம்வரை பிழையில்லாமல் அச்சான இடம்.
நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது போன்.
ஒரு கேட்.
உள்ளே பதினான்கு மாடி,
அடியில் இரண்டு அடுக்குக்குக் கார்கள்.
முனிசாமப்பா இப்போது சீருடையில்.
"கப்பெயா? லாரி லாரியா மண்ணு போச்சே மேடம்.
அதோட போயிருக்கும்.
எங்க கொட்டினாங்களோ அங்க."

அதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது?
வரைபடத்துக்குப் புள்ளி வைக்கத்தான் தெரியும்.

இந்த மழைக்கு இன்னோர் இடத்தில் கேட்டது.
ஊர்ப் பெயர் சொல்ல மாட்டேன்.
வண்டியை நானே நிறுத்தினேன்.
ஒரு தகரம். பிறகு இன்னொன்று.
பிறகு எண்ண முடியவில்லை.
சற்றுத் தள்ளி சைட் கற்கள்,
புது மஞ்சள் பெயின்ட்.
போனை எடுக்கவில்லை.

மறுநாள் கேட்டாள், எங்கேயாவது?
தன் வாயால் கெடுவது
எப்போதும் அதுவாகவே இருக்க வேண்டுமா.
ஹொசகோட்டே பக்கம் போனேன், என்றேன்.
ஒன்றுமில்லை.

அட்டவணையில் எழுதிக்கொண்டாள்:
ஹொசகோட்டே. பூஜ்யம்.
எழுதிவிட்டு
என் மழைக்கோட்டில் ஒட்டியிருந்த செம்மண்ணைக்
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
தேதி சரியா என்று மட்டும் கேட்டாள்.