ஓர் அடி, மூன்று முறை

பைக்கால் ஏரி. மார்ச் மாதத்துப் பனிக்கட்டி.
மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கரும்புள்ளி:
சோரிக்தோ கடப்பாரையை இறக்குகிறான்.

கட்டியில் காதை ஒட்டிப் படுத்திருக்கும் செசெக்
ஒன்று எண்ணுமுன் கேட்டுவிடுகிறாள்.
துளைக்குள் விட்ட குழாயில், தண்ணீர் வழியே,
இரண்டு.
காற்றில் வர ஒன்பது தாண்டும்;
குளிர் ஏறினால் இன்னும் தயங்கும்.

கனம்தான் காரணம் என்றிருந்தாள்.
தூண்டிலின் ஈயக்குண்டும் கனம்தான்,
சேதி சுமக்கச் சொன்னால் சோம்பும்.
அமுக்க விடாமல் முரண்டும் விறைப்பு,
அதுதான் ஓட்டம்.

நேற்று ராத்திரி சண்டை.
"போய்த் தொலை" மட்டும்
சட்டென்று வந்து சேர்ந்தது.

இப்போது
பனிக்கட்டி சொல்லியாயிற்று, தண்ணீரும்.
எழுந்து உட்கார்ந்து
தொப்பியை விலக்கிக்கொண்டு
காற்றுக்காக எண்ணுகிறாள்:
ஏழு,
எட்டு