ஒரு பக்கம் இரண்டு ரூபாய்

எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று
எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்.
வண்ணார்பேட்டை ஜெராக்ஸ் கடையில்
கண்ணாடிமேல் குப்புறப் படுக்கும் தாள்கள்
சொல்லிவிடும்.

காற்று கிளம்புமுன்
ஐ.டி.ஐ. சான்றிதழ்கள் வரும்.
ஃபிட்டர், எலக்ட்ரீசியன்,
கூடவே ஒரு டாக்டர் கடிதம்:
இவருக்கு உயரத்தில் தலைசுற்றல் இல்லை.
பணகுடிப் பக்கம் காற்றாலைக்கு ஆள் வேண்டும்.
'எம்பது மீட்டர் ஏணியாம் அக்கா' என்றான் சுடலைக்கண்ணு.
எங்கள் கடைக்கு நாலு படி.
கம்பியைப் பிடித்துத்தான் இறங்கிப் போனான்.

நர்ஸ் பிள்ளைகள் வருஷம் முழுக்க.
ஜெபக்கனியின் கோப்பில் இரண்டு நாடுகள்,
ஒன்றுக்கு ஜெர்மன் பரீட்சை,
ஒன்றுக்கு அரபு முத்திரை.
இரண்டுக்கும் அதே போட்டோ.
சிரிக்கக் கூடாதென்று ஸ்டுடியோவில் சொன்னார்களாம்,
சிரித்துக்கொண்டே சொன்னாள்.

மேலப்பாளையத்து மைதீன் பாவாவுக்கு
பாஸ்போர்ட் முழுவதும் வேண்டும்.
'எம்மா, வெறும் பக்கத்துக்குமா ரெண்டு ரூவா?'
வெறும் பக்கத்துக்கும்தான் பாய்.

கம்ப்யூட்டர் படித்த பையன்கள்
முன்பு கட்டுக் கட்டாகப் பயோடேட்டா எடுத்தார்கள்.
இப்போது லைசென்ஸ், ஆர்.சி. புக்,
அவ்வளவுதான்.
பாளையங்கோட்டையில் யார் வீட்டில் சமைக்கவில்லை என்று
அவர்களுக்குத்தான் தெரியும்.

எல்லாரும் அவசரம்.
நகலை வாங்கிக்கொண்டு
அசலை மூடிக்கு அடியில் விட்டுவிட்டுப் போவார்கள்.
தெருவரைக்கும் ஓடிக் கூப்பிடுவது
என் வேலையில் சேர்த்தி.

திங்கட்கிழமை கடைக் கதவில்
ஒரு நோட்டீஸ் ஒட்டினேன்.
கங்கைகொண்டான், சூரியத் தகடு செய்யும் கம்பெனி.
பெண்கள் மட்டும். டிப்ளமோ போதும்.
பஸ் உண்டு, சாப்பாடு உண்டு, பி.எஃப். உண்டு.
எட்டு மணி நேரம் நிற்க முடியுமா?

எட்டுத்தானா.

வயது இருபத்தைந்துக்குள்.
எனக்கு ஆவணி வந்தால் இருபத்தாறு.
ஆடி முடியப் பதினோரு நாள் இருந்தது.
பசைக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
இன்னொரு தரம் வாசித்தேன்,
வேறு யாருக்கோ வாசித்துக் காட்டுகிற மாதிரி.

தளவாய் அண்ணாச்சி
இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனார்.
பையிலிருந்து மார்க்‌ஷீட்டை எடுத்து வைத்தேன்.
பச்சை வெளிச்சம் ஒரு முறை ஊர்ந்து போனது.
எத்தனையோ பேருக்கு ஊர்ந்த வெளிச்சம்தான்,
கண் கூசியது.
விண்ணப்பத்தில் 'முன் அனுபவம்' என்று ஒரு கட்டம்.
அதை அப்படியே விட்டேன்.
ஆறு பக்கம், பன்னிரண்டு ரூபாய்.
கல்லாவில் போட்டேன்.

அதற்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்,
ஒரு பத்திரக்காரர்,
டோனர் தீர்ந்து போயிற்று.

அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து
மூடியைத் தூக்கினார்.
உள்ளே இருந்த தாளைத் திருப்பி
வெளிச்சத்தில் பிடித்தார்.
என் பெயரை முழுசாக,
அப்பா பெயரோடு வாசித்தார்.
'கணக்குல தொண்ணூத்தேழா?'

கதவைப் பார்த்தார். நோட்டீஸைப் பார்த்தார்.
வெளியே ஒரு பஸ் ஹாரன் விடாமல் அடித்தது.

'எத்தன காப்பி எடுத்த பிள்ள?'

'ஆறு அண்ணாச்சி.
துட்டு போட்டுட்டேன்.'